உண்ணத்தக்க கொட்டைகளை இனங்காணல்

உடுப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் கடல் கடந்து வாழும் உறவினர் இல்லாத வீடு அரிது. இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிலிருந்து விடுமுறைக்கு வருவோரின் பைகளிற் செஸ்நட் என்னும் கொட்டையும் இருக்குமாயின் வியப்பில்லை. தமிழிலே சிலர் அதனைக் கஷ்கொட்டை என்றும் எழுதுவர். கபில நிறமும் மினுமினுப்பும் உடைய அக்கொட்டையைக் காண்போர் மனத்தில் இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. இதனை உண்ணலாமா என்பது ஒன்று; வளவில் ஊன்றினால் முளைக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை கூறுவதோடு, வடமராட்சி வளவுகளிலும் சந்தைகளிலும் காணப்படும் கொட்டைகளுள் உண்ணத்தக்கவை எவை, தகாதவை எவை என்பதை விளக்குதலும் இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

முதலில் ஒரு விதியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கொட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது நல்லதோ நஞ்சோ என்று தீர்மானித்தல் ஆகாது. மரத்தின் இலை, கொட்டையை மூடியிருக்கும் தோடு, ஒரு காயினுள் இருக்கும் விதைகளின் தொகை ஆகிய மூன்றையும் நோக்கிய பின்னரே தீர்மானித்தல் வேண்டும்.

செஸ்நட்டும் அதன் போலியும்

உண்ணத்தக்க செஸ்நட் மரம் ஐரோப்பிய ஓக் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதன் இலை தனியிலை. நீண்டு ஒடுங்கி, ஓரத்தில் வாளின் பற்களைப் போன்ற கூர்களை உடையது. காயின் வெளித்தோடு முழுவதும் ஊசி போன்ற மெல்லிய முட்கள் நெருங்கி அடர்ந்திருத்தலால், அது சுருண்டு கிடக்கும் முள்ளம்பன்றிக் குட்டியை ஒக்கும். வெறுங்கையால் எடுத்தல் இயலாது. தோடு வெடிக்கும்போது உள்ளே பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் நெருக்குண்டு இருப்பதைக் காணலாம். அந்நெருக்கத்தினாலேயே அவற்றின் ஒரு பக்கம் தட்டையாகின்றது. ஒவ்வொரு கொட்டையின் நுனியும் கூராகி, அங்கே உலர்ந்த சிறு குஞ்சம் ஒன்று எஞ்சி நிற்கும். இக்குஞ்சமே மிக எளிதிற் காணத்தக்க அடையாளம்.

இதன் போலியாகிய குதிரைச் செஸ்நட் இலண்டன் நகரப் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் நிழலுக்காக நடப்பட்டிருக்கும் பெருமரமாகும். பெயர் ஒன்றாயினும் இனம் வேறு. அது பூந்திக்கொட்டையும் றம்புட்டானும் அடங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. பூந்திக்கொட்டையை நீரில் தேய்த்தால் நுரை எழுவதற்குக் காரணமான சப்போனின் என்னும் பொருள் குதிரைச் செஸ்நட்டிலும் உண்டு. எஸ்குலின் என்னும் நச்சுப் பொருளும் உடன் உண்டு. உண்டவர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். இதன் இலை கையின் விரல்களை விரித்தாற்போல ஐந்து முதல் ஏழு சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். பச்சைத் தோட்டின் மேல் முட்கள் குட்டையாகவும் ஐதாகவும் இருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே கொட்டை. அது உருண்டு திரண்டு, நுனியும் குஞ்சமும் இன்றி, அடியிற் பெரிய வெளிறிய தழும்பு ஒன்றைக் கொண்டிருக்கும். இங்கிலாந்துச் சிறுவர் நூலிற் கோத்து ஒன்றோடொன்று மோதி விளையாடுவது இக்கொட்டையையே. இரண்டு மரங்களும் செப்ரெம்பர் தொடங்கி ஏறத்தாழ ஒரே பருவத்திற் கொட்டைகளை உதிர்த்தலாலும், இரண்டும் ஒரே நிறமாய் மினுங்குதலாலும், அந்நாடுகளுக்குப் புதிதாகச் சென்றோர் மயங்குதல் கூடும். ஆதலின், பூங்காவில் பொறுக்கியது என்று ஒருவர் கொண்டுவரும் கொட்டையிற் குஞ்சம் இல்லையாயின் அதனை உணவாகக் கொள்ளாது விடுதலே தக்கது.

தகரத்தில் அடைத்து விற்கப்படும் நீர்ச் செஸ்நட் என்பது இவ்விரண்டும் அன்று. அது நீர்நிலையில் வளரும் ஒருவகைக் கோரையின் கிழங்கு. பெயரினால் மட்டுமே அது கொட்டையாயிற்று.

செஸ்நட்டை இன்று மிகுதியாக விளைவிக்கும் நாடு சீனா. துருக்கி, இத்தாலி, ஸ்பானியா, போர்த்துக்கல், கொரியா ஆகிய நாடுகளிலும் அது பயிராகின்றது. கோதுமை விளையாத ஐரோப்பிய மலைச்சரிவுகளில் வாழ்ந்த மக்கள் பல நூற்றாண்டுகளாக இதனை உலர்த்தி மாவாக்கி உண்டு வந்தமையால், அங்கு இது ரொட்டி மரம் எனவும் பெயர்பெற்றது. இந்தியாவில் இமயமலைச் சாரலில் ஆங்கிலேயர் காலத்தில் அறிமுகமான மரங்கள் சிற்சில இடங்களிற் காய்க்கின்றன. குளிர்காலத்தில் இலண்டன், பாரிஸ் நகரத் தெருக்களில் தணலில் வறுத்துச் சுடச்சுட விற்பர். வறுக்குமுன் தோலிற் கத்தியாற் கீறிவிடுதல் வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் நீராவி கொட்டையை வெடிக்கச் செய்யும்.

உடுப்பிட்டியில் நடலாமா?

நடுதலாற் பயனில்லை. செஸ்நட் மரம் இலையுதிர்த்து உறங்குவதற்குக் குளிர்காலம் ஒன்று வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அஃது இல்லை. மண்ணும் ஒவ்வாது. அம்மரம் புளிப்புத் தன்மையுள்ள மண்ணை நாடுவது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலை மஞ்சளாகி நலியும். குடாநாடோ சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கரைந்துள்ளது. பச்சைக் கொட்டை சில வேளைகளில் முளைவிடக் கூடுமாயினும் அது மரமாகிக் காய்க்கும் என்று எதிர்பார்த்து இடத்தையும் நீரையும் செலவிடுதல் வீண்.

பயனின்மை மட்டுமன்று, தீங்கும் உண்டு. 1904 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர விலங்குக் காட்சிச்சாலையிலிருந்த செஸ்நட் மரங்களின் பட்டை வெடித்துப் பட்டுப்போவது கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட செஸ்நட் மரங்களோடு வந்துசேர்ந்த ஒரு பூஞ்சணமே அதற்குக் காரணம். அடுத்த 50 ஆண்டுகளுள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் 300 முதல் 400 கோடி வரையான மரங்கள் அழிந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆசிய மரங்கள் அந்நோயைத் தாங்கி வாழப் பழகியவை. அமெரிக்க மரங்கள் அதனை அறியாதவை. 2002 இல் இத்தாலியின் பீட்மொன்ட் மாகாணத்திற் காணப்பட்ட செஸ்நட் குளவி ஒன்றும் இவ்வாறே பிறநாட்டிலிருந்து வந்து விளைச்சலைப் பெரிதும் குறைத்தது.

செஸ்நட் இல்லாத குடாநாட்டுக்கு இந்நோயால் என்ன என்று எண்ணலாகாது. கொட்டையோடும் மண்ணோடும் வரும் புழுவும் பூஞ்சணமும் எந்தப் பயிரைப் பற்றும் என்பதை முன்கூட்டிச் சொல்லுதல் அரிது. இதன் பொருட்டே 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் விதைகளையும் கன்றுகளையும் அனுமதியின்றி நாட்டினுட் கொண்டுவருதலைத் தடைசெய்கின்றது. கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவையின் அலுவலரிடம் காட்டாமற் பையில் மறைத்துக் கொண்டுவருதல் குற்றமாகும். வேகவைத்துக் காற்றுப்புகாது அடைத்த கொட்டை முளைக்காது. அதனை வாங்கி வரும்படி உறவினர்க்கு எழுதுதல் நன்று.

அதற்கீடாக இங்குள்ளவை

செஸ்நட் ஏனைய கொட்டைகளைப் போன்றதன்று. கச்சானிலும் மரமுந்திரிகையிலும் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயாயிருக்க, செஸ்நட்டிலோ எண்ணெய் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவினதே. பச்சைக் கொட்டையிற் பாதி நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி மாப்பொருள். இவ்வியல்போடு அப்படியே பொருந்துவது பலாக்கொட்டை. அவித்த பலாக்கொட்டையையும் அவித்த செஸ்நட்டையும் உண்டு பார்த்தோர் இவ்வொற்றுமையை நாவினாலேயே அறிவர். எனினும் முன்னதை எருக்குழியில் எறிந்துவிட்டுப் பின்னதற்கு விலை கொடுப்போரும் உளர்.

குடாநாட்டிற் பலாவுக்குப் பெயர்பெற்ற பகுதி தென்மராட்சி. சாவகச்சேரி, கொடிகாமம் சந்தைகளிற் பருவத்திற் பலாப்பழம் மலிவாகக் கிடைக்கும். உடுப்பிட்டியார் நெல்லியடிச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். பலாக்கொட்டையைப் பச்சையாக உண்ணலாகாது. புரதம் சீரணமாதலைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. அவித்தாலோ தணலிற் சுட்டாலோ அப்பொருள் கெட்டுவிடும். கொட்டைகளைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, பானையில் உலர்ந்த மணலிட்டு அதனுட் புதைத்து வைத்தாற் பருவம் கழிந்த பின்னும் கறிக்கு உதவும். சுருங்கியவற்றையும் மணலினுள்ளே முளைவிட்டுக் கறுத்தவற்றையும் நீக்குதல் வேண்டும்.

மாப்பொருள் தரும் மற்றொரு கொட்டை பனங்கொட்டை. இதிலே உணவாவது கொட்டையன்று, அதன் முளை. ஆவணி, புரட்டாதியில் விழும் பழங்களின் கொட்டைகளை மணற்பாங்கான பாத்தியில் அடுக்கினாற் தை மாதமளவிற் கிழங்கு கிளறலாம். அவ்வேளையிற் பிளக்கப்படும் கொட்டையினுள் இருக்கும் பூரான் சிறுவர்க்கு மிக விருப்பமானது. பச்சைக் கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக் கைப்பு நீக்கியே பிட்டும் கூழும் ஆக்குவர். அதனை வீண்வேலை எனக் கருதி விடுதல் கூடாது. நெல்லியடி, பருத்தித்துறைச் சந்தைகளிற் தை, மாசி மாதங்களிற் கிழங்குக் கட்டுகள் விலைக்கு வரும். பருத்து நேரானதும் தோல் சுருங்காததுமான கிழங்கைத் தெரிந்து கொள்க. காலந்தாழ்த்திக் கிளறியது தும்பாக இருக்கும்.

எண்ணெய்க் கொட்டைகளுட் கச்சானே எவர்க்கும் எட்டுவது. வன்னி மண்ணில் விளையும் கச்சானைச் செல்வச்சந்நிதித் திருவிழாவிலும் வல்லிபுரக் கோயில் திருவிழாவிலும் வறுத்துக் குவித்து விற்பர். கச்சானின் இனத்தை அறிவதில் எவர்க்கும் ஐயமில்லை. நல்ல கச்சானும் நஞ்சாகும் என்பதையே பலர் அறியார். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 1,00,000 வான்கோழிகள் காரணம் தெரியாது இறந்தன. பிரேசிலிலிருந்து தீனுக்காக வந்த கச்சான் பிண்ணாக்கிற் பூத்திருந்த பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என ஆய்வாளர் கண்டனர். அதற்கு அபிளரொக்சின் என்று பெயர். அது ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முற்றாக அழியாதது. ஆதலாற் பச்சையோ கறுப்போ பூத்த பருப்பு, சுருங்கிய பருப்பு, கடித்தவுடன் கைக்கும் பருப்பு ஆகியவற்றைத் துப்பிவிடுதல் வேண்டும். அவற்றைப் பொறுக்கிக் கோழிக்கு இடுதலும் தவறு. அறுவடை செய்த கச்சானை நன்கு காயவைத்துச் சாக்கினை நிலத்திற் படாதவாறு பலகைமேல் வைத்தல் பூஞ்சணத்தைத் தடுக்கும் சிறந்த வழி.

மரமுந்திரிகையைப் பற்றி ஒன்று மட்டும் கூறினாற் போதும். பழத்தின் அடியிற் தொங்கும் கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய், சேங்கொட்டையின் பாலைப் போலத் தோலையும் உதட்டையும் புண்ணாக்கும். இரண்டும் ஒரே குடும்பம். பிள்ளைகள் அக்கொட்டையைப் பல்லாற் கடித்து உடைத்தலையும், சுடும்போது எழும் புகையருகே முகத்தை வைத்தலையும் பெற்றார் தடுத்தல் வேண்டும்.

வேலியோரக் கொட்டைகள்

இனிக் கூறப்படுவதே இப்பிரசுரத்தில் முதன்மையானது. மேற்கூறியவை விலை கொடுத்து வாங்கப்படுவன. வேலியோரத்திற் கிடப்பவற்றையோ பிள்ளைகள் கேட்பாரின்றிப் பொறுக்குகின்றனர்.

பாடசாலை வளவுகளிலும் வீதியோரங்களிலும் நிழல்தரும் நாட்டுவாதுமை மரத்தின் கொட்டை உண்ணத்தக்கது. கிளைகள் குடையை அடுக்கியதுபோலத் தட்டுத் தட்டாகக் கிடையாகப் பரந்திருக்கும். பெரிய இலைகள் உதிருமுன் செந்நிறமாகும். காய் இரு பக்கமும் சற்றே அழுங்கி, ஓரத்தில் வரம்பு போன்ற விளிம்பு உடையது. வௌவால் சதையைத் தின்று போட்ட கொட்டைகளைக் கழுவி வெயிலிற் காயவைத்துக் கல்லால் உடைத்தால் உள்ளே மெல்லிய நீண்ட பருப்பு ஒன்று இருக்கும். அப்பருப்பை விரலால் மெல்லப் பிரித்துப் பார்த்தல் நன்று. அதன் பருப்பிலைகள் சுருட்டிய பாய் போல ஒன்றனுள் ஒன்று சுருண்டிருக்கும். இச்சுருள் வேறெந்த வேலியோரக் கொட்டையிலும் இல்லை. சுருள் இல்லாத பருப்பை வாதுமை என்று யார் கூறினும் உண்ணற்க.

புன்னைக் கொட்டை கடற்கரைப் பக்கங்களிற் கிடைப்பது. அது பந்து போல் உருண்டையானது. உள்ளே ஒரே உருண்டைப் பருப்பு. அதன் எண்ணெய் விளக்குக்கு உதவியதேயன்றி உணவுக்கு ஆகாது.

காட்டாமணக்கு, வேலிக் கதியாலாக எளிதில் வேர்விடுதலாலும் ஆடுமாடு கடியாததாலும் பல இடங்களிலும் நடப்படுவது. ஆடுமாடு ஏன் கடிப்பதில்லை என்பதை எண்ணிப் பார்த்தாலே அதன் இயல்பு விளங்கும். காய் மூன்று அறைகளாகி, பச்சையிலிருந்து மஞ்சளாகிப் பின்னர் கறுத்து வெடிக்கும். உள்ளே கருநிற விதைகள். உடைத்தால் வெள்ளைப் பருப்பு. அப்பருப்பு கைப்பதில்லை, சற்று இனிப்பாகக் கச்சானை ஒத்திருக்கும். ஒரு பிள்ளை தின்றுவிட்டு நல்ல சுவை என்று தோழருக்கும் பகிர்ந்து கொடுத்தலாலேயே பலர் ஒருங்கே நோயுறுதல் நிகழ்கின்றது. தொண்டை எரிவும், சிறிது நேரத்தின் பின் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். உடலின் நீர் வற்றிச் சிறுவர் சோர்ந்து விழுவர். புள்ளிகள் கொண்ட ஆமணக்கு விதையும் இவ்வாறே கொடியது.

இவையெல்லாவற்றினும் கொடியது மஞ்சள் அலரி. பூசைக்குப் பூ வேண்டி வளர்க்கப்படும் இச்செடியின் இலை ஒடுங்கி நீண்டது. கிள்ளினாற் பால் வடியும். பூ மணி போன்றது. பச்சைக் காய் முதிர்ந்து கறுக்கும். குறுக்கே ஒரு வரம்பு ஓடும். உள்ளே கடினமான ஓடு. விதையிலும் பாலிலும் இலையிலும் உள்ள நஞ்சு இதயத் துடிப்பைத் தாக்குவது. குயில் இதன் பழத்தை உண்பதைப் பறவையியலார் பதிவு செய்துள்ளனர். பறவை தின்றது மனிதர்க்கும் ஆகும் என்னும் நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. சுவையும் வழிகாட்டாது, பறவையும் வழிகாட்டாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இச்செடியை வேரோடு அகற்றி, பூசைக்குச் செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ நட்டுக்கொள்ளலாம். வெட்டிய காய்களைக் குப்பையிற் போடாது ஆழப் புதைத்தல் வேண்டும். காட்டாமணக்குக் கதியால்களை மாற்ற விரும்புவோர்க்குக் கிளுவையும் பூவரசும் உள. பூவரசின் குழை வயலுக்கு நல்ல பசளையுமாகும்.

விழுங்கிவிட்டால்

பிள்ளை ஐயத்துக்குரிய கொட்டை எதனையும் தின்றதாக அறிந்தவுடன், நலமாகவே தோன்றினும், நோய்க்குறி வரும்வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மஞ்சள் அலரியின் நஞ்சு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படக் கூடும். உப்புநீர் பருக்குதல், தொண்டையில் விரலிட்டு வாந்தியெடுக்கச் செய்தல், எண்ணெய் கொடுத்தல் ஆகியன செய்யலாகாது. வாயிற் கிடப்பதை நீக்கி, நீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்தால் அமையும். தின்றதில் எஞ்சிய கொட்டை, அதன் தோடு, மரத்தின் இலையோடு கூடிய சிறு கொப்பு ஆகிய மூன்றையும் ஒரு பையிலிட்டு உடன் எடுத்துச் செல்லுதல் வைத்தியருக்குப் பேருதவியாகும். எத்தனை மணிக்குத் தின்றது, ஏறத்தாழ எத்தனை தின்றது என்பவற்றையும் கேட்டறிந்து கொள்க. உடன் விளையாடிய பிள்ளைகளையும் விசாரித்து, தின்றோர் அனைவரையும் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

உடுப்பிட்டியார்க்கு அண்மையிலுள்ளது மந்திகையில் அமைந்த பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை. வாகனம் இல்லாதோர் 1990 என்னும் இலக்கத்தில் அழைத்தாற் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். கொட்டை இன்னதென்று ஊரிலே தெரியாதவிடத்து, வைத்தியர்கள் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இயங்கும் நச்சுத் தகவல் நிலையத்தோடு தொடர்புகொண்டு கேட்டறிவர். வளவிலுள்ள மரம் இன்னதென்பதில் ஐயமுடையோர் அதன் கொப்பையும் காயையும் அப்பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி முன்னரே தெளிந்து கொள்ளலாம்.